யார் கணக்கில் எழுதுவது?

சென்னையிலிருந்து திருவள்ளூரைத் தாண்டி திருத்தணி ரோட்டில் போனால் திருப்பாச்சூர் வரும். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். எனக்கு அந்த ஊர் பழக்கமானது ஒரு நண்பனால். காக்களூர் தொழிற்பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தான். வீடு திருப்பாச்சூரில்.

"பக்கத்து கிராமத்துல திரௌபதை அம்மன் திருவிழாடா. இன்னிக்கு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து. தங்கச்சியையும் கூட்டிட்டு வா" என்று ஒருநாள் போன் செய்தான். போனோம்.

கர்ண மோட்சம் பார்த்திருக்கிறீர்களா? பதினேழாம் நாள் போருக்குப் போகும் முன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியைப் பார்க்க வருகிறான். அவள் ராஜகுமாரி. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று காலமெல்லாம் மனசுக்குள் புழுங்குகிறவள். சாகப்போகிற புருஷனிடமும் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறாள். கடைசியில் கர்ணன் உண்மையைச் சொல்கிறான்: நான் குந்தியின் பிள்ளை. அவ்வளவுதான், பொன்னுருவி காலில் விழுந்து கதறுகிறாள். பெண் வேஷம் கட்டியிருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். அவர் அழுத அழுகையில் கூட்டமே மூக்கைச் சிந்தியது.

என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் அழவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரிதான்... அவள ஒரு வார்த்த கேட்டா கட்டி வெச்சாங்க?"

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொன்னுருவி செய்தது சரியென்று நான் வாதாடப் போவதில்லை. பிறப்பைப் பார்த்து ஒரு மனிதனை மட்டம் தட்டுவது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. அவள் மனம் மாறியதிலும் எனக்குப் பெரிய சந்தோஷமில்லை. கர்ணன் க்ஷத்திரியன் என்று தெரிந்த பிறகுதானே மாறினாள்! தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால்? இத்தனையும் நியாயமான கேள்விகள். ஆனால் பாட்டியின் கேள்வி இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி. அதை நாம் கேட்பதே இல்லை.

நம் இதிகாசங்களில் இப்படி ஓரத்தில் நிற்கிற ராணிகள் நிறைய. வியாசர் கர்ணனின் மனைவியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவளை நிற்க வைத்துப் பேச வைத்தது நம்மூர் கூத்துக்காரர்கள்தான். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில் அவள் பெயர் சுபாங்கி. தேவிகா நடித்தார்.

அதே படத்தில் சாவித்திரி நடித்த பானுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனனின் மனைவி. அந்தக் கதை தெரியாத தமிழர் உண்டா? கர்ணனும் அவளும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். கணவன் வருவதைப் பார்த்து அவள் எழுந்திருக்கிறாள். தோற்றுப்போய் ஓடுகிறாள் என்று நினைத்து கர்ணன் பிடித்து இழுக்க, மேகலை அறுந்து முத்து சிதறுகிறது. துரியோதனன் நிதானமாக, முத்தைப் பொறுக்கட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்கிறான். பட்டிமன்ற மேடைகளில் இன்றைக்கும் கைதட்டல் வாங்கும் இடம். நட்பு என்றால் இதுவல்லவா நட்பு!

சரி, அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்குப் புகழ் கிடைத்தது. மூன்றாவது ஆளுக்கு? வில்லிபுத்தூரார் பாட்டில் அந்த இடத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. வெறுமனே ஒரு பெண். துரியோதனன் நம்பினான், அதனால் அது இரண்டு ஆண்களின் நட்புக் கதையாயிற்று. சந்தேகப்பட்டிருந்தால் அது அவளுடைய அவமானக் கதையாகியிருக்கும். லாபம் வந்தால் அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் அவளுக்கு. என்ன பார்ட்னர்ஷிப் இது?

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும் என்று. ஒருவர் கணக்கில் பெருந்தன்மை என்று வரவு வைக்கும்போது, பற்று யார் பெயரில் விழுகிறது என்று பார்க்கிற புத்தி எனக்கு அதனால் வந்தது. அடுத்தவர்கள் விஷயத்தில் மட்டும்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமில்லை. கி.மு. 438-ல் ஏதென்ஸில் யூரிப்பிடிஸ் எழுதிய ஒரு நாடகம் மேடையேறியது. அட்மீட்டஸ் என்று ஒரு ராஜா. விருந்தோம்பலில் மன்னன். அவனுக்குச் சாவு நெருங்குகிறது. பதிலுக்கு வேறு யாராவது செத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. வயதான அப்பா, அம்மா மாட்டேன் என்கிறார்கள். மனைவி அல்கெஸ்டிஸ் சரி என்கிறாள், சாகிறாள். அந்த நேரம் பார்த்து ஹெராக்ளிஸ் விருந்தாளியாக வருகிறான். ராஜா துக்கத்தை மறைத்து விருந்து போடுகிறான். விஷயம் தெரிந்து நெகிழ்ந்த ஹெராக்ளிஸ், எமனோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு வருகிறான். கடைசிக் காட்சியில் முக்காடு போட்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள்தான் பேசுவாளாம். அதற்குள் நாடகம் முடிந்துவிடுகிறது. என்ன சொல்லியிருப்பாள்?

இப்போது என் கதை.

அந்த லேத் நண்பன் மெஷின் வாங்க லோன் போட்டபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போட்டுவிட்டேன். அப்புறம் ஆர்டர் நின்றது, தவணை நின்றது. நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. பதினொரு மாதம் கட்டினேன். கட்டினேன் என்று சொல்கிறேனே தவிர, அடகுக் கடைக்குப் போனது என் மனைவியின் வளையல்கள். நண்பன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான், யோக்கியன். அவன் அம்மா இப்போதும் என்னைப் பார்த்தால், "நீ கர்ணன்டா கண்ணு" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

தன் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது தானம். பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? அதற்காக யாருக்கும் உதவாமல் இருக்க முடியுமா? குடும்பஸ்தன் எதைக் கொடுத்தாலும் அதில் வீட்டில் உள்ளவர்களின் பங்கு இருக்கத்தான் செய்யும். அப்படியானால் என்ன செய்வது? இந்தக் கேள்வியோடுதான் விடிகாலையில் திருவள்ளூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். மனைவி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் ஜாமீன் கையெழுத்து போட்டப்போ நீ ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"வேண்டாம்னு நான் ஏன் சொல்லணும்? கேட்டிருந்தா, தாராளமா போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "நீங்க எங்க கேட்டீங்க?"

வளையல் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. கொடுத்தவர்கள் கணக்கில் அவள் பெயரை எழுத மறந்துவிட்டேன். அதுதான்.