சக்கரமும் சட்டமன்றமும்: மேரிஷோவின் வரலாற்று நோக்கு

வரலாறு ஒரே திசையில் முன்னேறும் நேர்கோடா, எழுவதும் வீழ்வதுமாகச் சுழலும் சக்கரமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. ஐரோப்பியப் பேரரசுகள் நேர்கோட்டுக் கொள்கையையே தம் ஆட்சிக்கு அரணாகக் கொண்டன. மனித இனங்கள் யாவும் ஒரே பாதையில் நடக்கின்றன, அதில் ஐரோப்பியர் முந்திச் சென்றுவிட்டனர், பிந்தியவர்கள் பக்குவம் அடையும்வரை அவர்களை ஆள்வது முந்தியவர்களின் கடமை என்று அக்கொள்கை வாதிட்டது. இதற்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மறுப்புரைத்தவர்களுள் முக்கியமானவர், கிரெனடாவின் இதழாளரும் அரசியல்வாதியுமான தியோஃபிலஸ் ஆல்பர்ட் மேரிஷோ (1887–1958).

இளமையில் அச்சகத்தில் பணியாற்றி, டோனோவன் என்ற மூத்த இதழாசிரியரிடம் எழுத்தும் அரசியலும் பயின்ற மேரிஷோ, 1915இல் வழக்கறிஞர் ரென்விக்குடன் சேர்ந்து 'தி வெஸ்ட் இந்தியன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மேற்கிந்தியத் தீவுகள் மேற்கிந்தியர்களுக்கே உரியவையாக வேண்டும் என்பது அவ்விதழின் முழக்கம். தென்னாப்பிரிக்கத் தலைவர் யான் ஸ்மட்ஸ் 1917ஆம் ஆண்டு லண்டனில் ஆற்றிய உரையில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனி அமைப்புகளின்கீழ் ஆளப்பட வேண்டும் என்று வாதிட்டபோது, அதற்கு மறுமொழியாக 'நாகரிகத்தின் சுழற்சிகள்' என்று பொருள்படும் தலைப்பில் மேரிஷோ ஒரு சிறுநூல் எழுதினார். எந்த நாகரிகமும் நிலையானதன்று, ஆப்பிரிக்கா ஒருகாலத்தில் உயர்ந்திருந்தது, ஐரோப்பாவின் இன்றைய உயர்வும் ஒரு முறைதான், அடுத்த முறை ஆப்பிரிக்காவுக்கு வரும் என்பது அதன் சாரம். ஐரோப்பா முதல் உலகப் போரில் தன்னையே அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வாதத்துக்குச் சான்று வெளியே தேட வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் இவ்வாதம் இரண்டு தடைகளைச் சந்திக்கிறது. முதலாவது விதிவாதம், அதாவது நடப்பவை யாவும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை என்னும் கொள்கை: சக்கரம் தானே சுழலுமாயின், ஒடுக்கப்பட்டவர் காத்திருந்தால் போதுமே, பாடுபடுவானேன்? இரண்டாவது தடை இதைவிடக் கடுமையானது. சக்கரம் ஒருவரை மேலே ஏற்றும்போது வேறொருவரைக் கீழே தள்ளுகிறது. ஆதிக்கம் கைமாறும் என்று அது சொல்கிறதேயன்றி, ஆதிக்கம் தவறு என்று சொல்வதில்லை. எனவே சுழற்சிக் கொள்கையால் ஆள்பவரின் செருக்கை முறியடிக்க முடியும். நீதிக்கு அடித்தளம் இட முடியாது.

அந்தக் குறையை மேரிஷோவின் நூல் தீர்க்கவில்லை என்றாலும், அவருடைய அரசியல் அதற்கு விடை தேடியது. கிரெனடா 1877 முதல் முடியாட்சிக் காலனியாக, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி எவருமின்றி ஆளுநரும் அவர் நியமித்தவர்களும் சட்டமியற்றும் நாடாக இருந்தது. இதை மாற்றக் கோரி மேரிஷோ 1921இல் லண்டன் சென்றார். அதன்பின் தீவுகளை நேரில் ஆராய வந்த துணையமைச்சர் எட்வர்ட் உட், பிற்காலத்தில் இந்தியாவின் வைசிராயாகி இர்வின் பிரபு என்று அறியப்பட்டவர்; அவர் பரிந்துரைத்ததோ அளவான சீர்திருத்தமே. 1925 தேர்தலில் ஐந்து இடங்கள் மட்டுமே மக்களுக்குத் திறக்கப்பட்டன. வாக்குரிமையும் சொத்தும் வருமானமும் உடையோருக்கே கிடைத்தது. பெரும்பான்மை ஆளுநர் தரப்பிடமே நின்ற அந்த அவையில் நுழைந்த மேரிஷோ, மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் உறுப்பினராக நீடித்தார். காலம் தன் பக்கம் திரும்பும் என்று நம்பியவர், ஒவ்வொரு இடத்துக்கும் மனுவும் வாதமுமாகப் போராடினார் என்பதே முதல் தடைக்கு அவர் தந்த மறுமொழி.

இரண்டாம் தடைக்கான மறுமொழி, அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கூட்டாட்சி. தீவுகள் தம் உள்விவகாரங்களைத் தாமே நடத்திக்கொண்டு, பொதுக் காரியங்களை ஒரே நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கும் இந்த அமைப்பில் எந்தத் தீவும் மற்றொன்றின் எசமானனாக இருக்க இடமில்லை. உயர்வும் தாழ்வும் மாறிமாறி வரும் வரிசையிலிருந்து அரசியலை விடுவிக்கும் முயற்சி என்றே அதைக் கொள்ளலாம். பத்து ஆட்சிப்பகுதிகள் கொண்ட மேற்கிந்தியக் கூட்டாட்சி 1958 ஜனவரியில் பிறந்தபோது மேரிஷோ அதன் மேலவை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். 1961இல் பொதுவாக்கெடுப்பின் வழி ஜமைக்கா விலக முடிவுசெய்தது, டிரினிடாடும் பின்தொடர்ந்தது, 1962 மே மாதத்தில் கூட்டாட்சி கலைக்கப்பட்டது.

இத்தோல்வியை அவருடைய கொள்கைக்கு எதிரான சான்றாகக் கொள்வது எளிது. ஆனால் விளைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், வென்றவர் வென்றதாலேயே தகுதியுடையவர் என்ற பேரரசு வாதத்துக்கே திரும்ப நேரும். அவர் வாழ்நாளெல்லாம் மறுத்த வாதம் அதுவே. மேலும், கூட்டாட்சியை முடித்தது லண்டனின் ஆணையன்று, மேரிஷோ கேட்டுப் போராடிய அதே வாக்குரிமையைப் பெற்ற மக்களின் தீர்ப்பு. தன் இலட்சியத்தையே நிராகரிக்கும் உரிமையையும் மக்களுக்கு உரியதென ஏற்கும் அரசியல், எந்தச் சுழற்சியும் தானாகத் தர முடியாத ஒழுக்க அடிப்படையைக் கொண்டது. சுழற்சிக் கொள்கை விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்புவதும் அதுவே.