லீசிங் வண்டியும் கழிவிரக்கமும்

(கொட்டகலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கும், அவரிடம் படித்து இப்போது ஆட்டோ ஓட்டும் இளைஞருக்கும் இடையிலான உரையாடல்.)

சீடன்: ஐயா, ஆட்டோ வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஸ்டாண்டில் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. ரயில் வந்தால் ஒரு ஹயர். டெவன் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்கள் அகப்பட்டால் இன்னொன்று. மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பதுதான். மாதம் பிறந்தால் லீசிங் கட்ட வேண்டும். ஏன் வாங்கினேன் என்ற ஒரே நினைப்புத்தான்.

குரு: வண்டியில் ஏதும் கோளாறா?

சீடன்: இல்லை ஐயா. நல்ல வண்டி.

குரு: எதை நினைத்து வாங்கினாய்?

சீடன்: கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்து பிழைக்கலாம் என்றுதான். என் பேரிலும் ஒன்று இருக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது.

குரு: அந்த ஆசையைக் குறை சொல்லாதே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தோம். கூரையும் தோட்டத்துடையது, கூரைக்குக் கீழே இருந்த மண்ணும் தோட்டத்துடையது. அப்படி வந்த பிள்ளை தன் பேரில் ஒரு பொருள் வேண்டும் என்று நினைத்தது நியாயம். உன் வருத்தம் இவ்வளவு ஆழமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

சீடன்: ஆனால் வண்டியும் என்னுடையது இல்லையே ஐயா! பதிவுப் புத்தகத்தில் என் பேர் இருக்கிறது. முழு உரிமையாளர் என்ற இடத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பேர் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அதை நான் கவனிக்கவே இல்லை.

குரு: லீசிங் என்றால் குத்தகை. அதற்கென்றே 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி அவர்களுடையது. ஓட்டிப் பிழைக்கும் உரிமைதான் உனக்கு. யாரும் இதை உன்னிடமிருந்து ஒளிக்கவில்லை.

சீடன்: அதைத்தான் நினைத்து நினைத்து வேகிறேன். எல்லாம் என் புத்தி கெட்டதால் வந்தது.

குரு: எல்லாமா? பிரித்துப் பார். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 ஜூனில் பெட்ரோல் ஒரு லீட்டர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு பெட்ரோலுக்குக் கியூஆர் அட்டை வந்தது; ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். பெட்ரோல் விலை ஏறுவதற்கு முந்திய வருடம் வண்டி எடுத்த நீ, பின்னால் வந்ததையெல்லாம் எப்படி அறிந்திருப்பாய்? அறிய முடியாததை அறியாமல் போனது குற்றமில்லை. ஆனால் ஸ்டாண்டில் எத்தனை வண்டி நிற்கிறது, ஒருவனுக்கு நாளுக்கு எத்தனை ஹயர் கிடைக்கிறது, தவணைகளைக் கூட்டினால் மொத்தம் எவ்வளவு வருகிறது, இவையெல்லாம் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்டாயா?

சீடன்: கேட்கவில்லை. கூட்டாளிகள் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

குரு: அந்தப் பங்குக்கு மட்டும் வருந்து. மற்றதைக் காலத்தின் கணக்கில் விட்டுவிடு.

சீடன்: வருந்துவது நல்லதா கெட்டதா ஐயா?

குரு: வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர் இதைச் சொல்லியிருக்கிறார், 655ஆம் குறள். பின்னால் நினைத்து இரங்கும்படியான காரியத்தைச் செய்யாதே என்கிறார். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. செய்துவிட்டால் என்ன வழி? அங்கேதான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். மறுபடி அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது என்று ஒரு சாரார் பொருள் கொள்கிறார்கள். பரிமேலழகரோ, செய்துவிட்டுப் பிறகு இருந்து இரங்காமல் இருப்பது நல்லது என்கிறார்.

சீடன்: எதை எடுத்துக்கொள்வது?

குரு: வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும். இரங்காதே என்பதை மட்டும் பிடித்துக்கொண்டவன் அடுத்த லீசிங்கிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவான். மறுபடி செய்யாதே என்பதை மட்டும் பிடித்துக்கொண்டவன் பயந்து எந்த முயற்சியிலும் இறங்க மாட்டான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்திருக்கிறாய். கத்தி கிளையை வெட்டும்; வேரைத் தொடாது. உன் வருத்தம் நீ செய்த காரியத்தை வெட்டட்டும், உன்னை வெட்ட விடாதே.

சீடன்: முடியவில்லை ஐயா. முற்பணமாகக் கட்டியது அம்மாவின் சேமலாப நிதிக் காசு. அம்மாவிடம் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குரு: இப்போதுதான் நோயைச் சொன்னாய். அம்மாவின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டம் போட்டது 12. அப்படி மாதாமாதம் சேர்ந்த காசு அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 1350 ஆனது 2024இல். அந்தக் காசின் அருமை உனக்குத் தெரிவதால்தான் உன் மனசு நோகிறது. ஆனால் அம்மாவிடம் மறைப்பது அந்தக் காசுக்குச் செய்யும் மரியாதை இல்லை. இன்றைக்கே வரவு செலவை எழுது: ஹயர், பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், தவணை. அதை அம்மா முன் வைத்துப் பேசு. வாழ்நாள் முழுக்கக் கைக்காசுக்குள் வீட்டை நடத்தியவர். கணக்கு அவருக்குப் புரியும்.

சீடன்: விற்றுவிடலாமா என்றும் நினைக்கிறேன். விற்றால் அம்மாவின் காசு வீணாகிவிடுமே?

குரு: அந்தக் காசு வைத்திருந்தாலும் போனதுதான், விற்றாலும் போனதுதான். அதை மீட்பதற்காக வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்காதே. வண்டி இல்லாமல், விற்றால் வரக்கூடிய பணம் மட்டும் இன்று உன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள். இதே வண்டியை, இதே தவணைக்கு மறுபடி எடுப்பாயா? எடுப்பேன் என்றால் முணுமுணுக்காமல் ஓட்டு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நிரந்தர ஹயர் தேடு. எடுக்க மாட்டேன் என்றால் தவணை தவறுவதற்கு முன்பே கம்பெனியிடம் பேசி விற்கப் பார்.

சீடன்: கம்பெனிக்குப் போகவே பயமாக இருக்கிறது.

குரு: தவணை தவறிய பிறகு போனால்தான் பயப்பட வேண்டும். முன்கூட்டியே போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேள். கட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. முறைப்பாடு எழுது, நான் பார்த்துத் தருகிறேன்.

சீடன்: இந்த வருத்தம் எப்போது தீரும் ஐயா?

குரு: அதற்கு ஒரு வேலை கொடுத்தால் தீரும். அடுத்த மாதம் இந்தத் தோட்டத்தில் இன்னொரு பையன் ஆட்டோ எடுக்கக் கிளம்புவான். அவனோடு நீயும் போ. தவணைகளையெல்லாம் கூட்டி மொத்தத்தைத் தாளில் எழுதிக் காட்டு. முழு உரிமையாளர் என்ற இடத்தில் யார் பேர் இருக்கிறது என்று காட்டு. படித்துப் பார்த்து, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்.