மிதிவண்டியும் மானமும்

விடுதலை வரலாறு என்றதும் மாநாட்டு மண்டபங்களும், கையொப்பமிட்ட உடன்படிக்கைகளும், நள்ளிரவில் இறக்கப்பட்ட அயலார் கொடியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மலாயாவின் விடுதலையையும் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாளோடு இணைத்தே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்நாளின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரு நாடு அடிமைத்தளையை அறுக்குமுன், அந்நாட்டில் வாழும் எளிய மனிதன் தன் உள்ளத்துத் தளையை அறுத்தாக வேண்டும். அவ்வாறு அறுக்க முயன்றோரின் கதை பெரும்பாலும் ஏடுகளின் ஓரத்தில்தான் இடம்பெறுகிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் அத்தகைய கதைகளுள் ஒன்று.

உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. ரப்பருக்கு நல்ல விலை கிடைத்தது. பால்மரம் சீவிய தமிழனின் கூலியோ அதற்கேற்ப உயரவில்லை. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளி அவனைவிடக் கூடுதலாகப் பெற்றான். 1938ஆம் ஆண்டில் உதவி பெற்றுக் குடிபெயர்தலை இந்திய அரசு தடை செய்தமையால் கப்பலில் புதிய ஆட்கள் வந்திறங்குவது நின்றுபோயிருந்தது. இருந்தவர்களின் உழைப்புக்கு மதிப்புக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இந்நிலையில், பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் முதலானோரின் ஊக்கத்தால் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரிடையே பணியாற்றத் தொடங்கிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் பரவியது. காந்திக் குல்லாய் அணிந்த தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னே மறியல் செய்தனர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல் நம் சிந்தனைக்கு உரியது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்றனர். கொடுமை செய்யும் துரைகளையும் அலுவலர்களையும் நீக்க வேண்டும், பெண்டிரிடம் தகாத முறையில் நடப்பதைத் தடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிகளுக்கு மருத்துவமும் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், கூடிப் பேசவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். இவற்றுக்கிடையே இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ ஆசிய அலுவலரோ எதிர்ப்படும்போது மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே மிதிவண்டிக்கு என்ன இடம்? இக்கேள்வியைச் சிறிதென்று தள்ளிவிட இயலாது. மானமும் சோறும் வெவ்வேறானவையா, அவற்றுள் எது முந்தியது என்னும் பழைய அறக்கேள்வியே அதனுள் பொதிந்து கிடக்கிறது.

பசித்தவனுக்கு முதலில் சோறு வேண்டும், மானம் பற்றிய பேச்சு வயிறு நிறைந்த பிறகு வரட்டும் என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தில் ஈரம் இருக்கிறது. பசியின் கொடுமையை அறிந்தவர் சொல்லும் சொல்லாகவும் அது இருக்கக்கூடும். ஆனால், கூலி எவ்வாறு உயரும் என்பதை அவ்வாதம் எண்ணிப் பார்க்கவில்லை. கூலியை உயர்த்துமாறு கேட்பவன் துரையின் முகம் நோக்கிப் பேசியாக வேண்டும். அவரைக் கண்ட மாத்திரத்தில் வண்டியைவிட்டுக் குதித்துத் தலைகவிழ்ந்து நிற்கப் பழக்கப்பட்டவன், பெரட்டுக்களத்தில் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்பது எங்ஙனம்? பாதையில் இறங்கிய கால்தான் அலுவலக வாசலிலும் தயங்கி நிற்கிறது. ஆகவே, சோற்றுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கும் பொருளன்று மானம். சோற்றைக் கேட்கும் குரலுக்கு உயிர் தருவதே அதுதான்.

இரண்டாவது வாதம் நுட்பமானது. வண்டியைவிட்டு இறங்குவது வெறும் புறச்செயல். உள்ளம் உரிமையோடு இருக்குமாயின் உடல் இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று அது கேட்கும். பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்பதும், தோளில் கிடக்கும் துண்டை எடுப்பதும் நம் மரபில் இல்லாதனவல்ல. ஆனால், ஆசிரியர் வரும்போது மாணவன் தானாக எழுகிறான். அம்மரியாதை அவன் கொடுப்பது. கொடுப்பதால் அவன் உயர்கிறான். தோட்டப் பாதையில் நிகழ்ந்ததோ கொடுத்ததன்று, பறித்தது. மறுக்கும் உரிமை இல்லாதவன் செய்யும் வணக்கத்தில் வணக்கமே இல்லை. அது நாள்தோறும் நடத்தப்பெறும் ஒரு பாடம். நீ கீழானவன் என்று ஒருவனுக்கும், நீ மேலானவன் என்று மற்றவனுக்கும் ஒரே நேரத்தில் கற்பிக்கும் பாடம். வண்டியின் பின்னால் அமர்ந்து செல்லும் சிறுவனும் அப்பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். தந்தையின் உள்ளத்து உரிமை அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தந்தை இறங்குவது மட்டுமே தெரிகிறது.

பெண்டிரைப் பற்றிய கோரிக்கையையும் இதனோடு இணைத்தே காணல் வேண்டும். ஆணை இறங்கி நிற்க வைக்கும் அதிகாரமும், பெண்ணிடம் அத்துமீறும் அதிகாரமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எதிரே நிற்பவனும் நம்மைப்போல் ஒரு மனிதன் என்னும் எண்ணம் அற்றுப்போன இடத்தில்தான் இவ்விரண்டும் முளைக்கின்றன. ஒன்றைச் சிறிதென்று பொறுத்துக்கொள்பவர் மற்றொன்றைத் தடுக்கும் வலிமையை இழந்துவிடுகின்றனர். மிதிவண்டியையும் பெண்டிரின் பாதுகாப்பையும் ஒரே தாளில் எழுதியவர்கள் இவ்வுண்மையை நூல்களில் படித்து அறிந்தவர்களல்லர், வாழ்ந்து அறிந்தவர்கள்.

மூன்றாவது வாதமே கடுமையானது. 1941ஆம் ஆண்டு மே திங்கள் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கூலியில் ஓரளவு உயர்வு கண்டு வேலைக்குத் திரும்பியிருந்த தொழிலாளர்கள், அவரை விடுவிக்குமாறு கேட்டு மீண்டும் வேலையைத் துறந்தனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். ஐந்து உயிர்களுக்கு ஈடாகுமா இந்த மானம்? வேலைநிறுத்தம் தோற்றதன்றோ?

இக்கேள்விக்கு விரைந்து விடை கூறுதல் தகாது. திருக்குறள் மானத்துக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்திருக்கிறது. ஆயினும், பிறரது உயிரை நம் மானத்தின் விலையாக வைக்க அது எவருக்கும் உரிமை வழங்கவில்லை. மேடையில் நின்று பிறரைச் சாவுக்கு அழைக்கும் தலைவர்களை வரலாறு நிரம்பக் கண்டிருக்கிறது. மாண்டவர்களின் வீட்டில் அடுத்த வேளை உலை எரிந்ததா என்று கேளாமல் அவர்களை வீரர் என்று பாடுவதும் ஒருவகைச் சுரண்டலே. ஆனால், ஈண்டு இரண்டை நாம் மறத்தல் ஆகாது. கோரிக்கை வைத்தவர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. சாவை அவர்கள் தேர்ந்தெடுக்கவுமில்லை. விலையை நிர்ணயித்தது கேட்டவரன்று, மறுத்தவரே. மேலும், கூலி ஓரளவு உயர்ந்த பின்னும் நாடு கடத்தப்படவிருந்த ஒரு மனிதருக்காக அவர்கள் மீண்டும் வெளியே வந்தனர். வயிற்றுக்கு மட்டுமே போராடியவர்கள் அவ்வாறு வருவார்களா? அன்று வெற்றி பெற்ற அதிகாரம் ஓராண்டு கழிவதற்குள், ஜப்பானியப் படையின் முன் சரிந்தது. நிலைபேறுடையதென எல்லாரும் நம்பியிருந்த மேலாண்மை எத்துணை மெலியது என்பதை இந்நாட்டு மக்கள் அனைவரும் கண்டனர். அதன்முன் நிமிர்ந்து நிற்கலாம் என்பதைத் தோட்டத் தொழிலாளி அதற்கு முன்பே காட்டியிருந்தான்.

இவ்வரலாற்றை நாம் பெருமைக்காக மட்டும் படித்தல் கூடாது. அக்கோரிக்கையின் சொற்களை மீண்டும் நோக்குக. வெள்ளைக்காரத் துரைக்காக மட்டுமன்று, ஆசிய அலுவலருக்காகவும் தொழிலாளி வண்டியைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. நம் நிறத்தவரும், சில இடங்களில் நம் மொழியினரும், அந்த இறங்குதலைக் கண்டு மகிழ்ந்தனர் என்பது கசப்பான உண்மை. அயலான் சுமத்திய தாழ்வை இன்னொருவன் தலைமீது இறக்கிவைத்துத் தான் சற்று நிமிர்ந்துகொள்ளும் ஆசை எல்லா இனத்திலும் உண்டு, நம்மிலும் உண்டு. கங்காணியும் கிராணியும் இல்லாமல் துரை ஒருவரால் அத்தனை பேரையும் ஆண்டிருக்க இயலாது.

இன்று தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உணவுக்கடைகளிலும் நம் தாத்தன்மார் செய்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? பெயர் சொல்லியா, நாட்டின் பெயரைச் சொல்லியா? உண்ணும்போது எங்கே அமர்த்துகிறோம்? இவை அற்பக் கேள்விகள் என்று தோன்றுமாயின், மிதிவண்டிக் கோரிக்கையும் அன்றைய துரைமார்க்கு அற்பமாகவே தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சிறுமை சிறியதா பெரியதா என்பதை அளக்கும் உரிமை அதை இழைப்பவனுக்கு இல்லை, அனுபவிப்பவனுக்கே உண்டு.

கிள்ளானில் மாண்ட ஐவரைப் போற்றும் வழி அவர்களுக்குச் சிலை எடுப்பது மட்டுமன்று. நம் எதிரே எவரும் எதிலிருந்தும் இறங்கி நிற்க வேண்டாத ஒரு வாழ்வை நம் வீட்டிலும் கடையிலும் தொழிலகத்திலும் அமைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன். கொடியேற்றிய நாளில் அக்கடன் தீர்ந்துவிடவில்லை.