இல்லாமல் போன நாட்டுக்குப் பட்ட கடன்

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, பழைய கற்கருவிகளோடு ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. செய்தியைப் படித்ததும் எனக்கு வந்த யோசனை கொஞ்சம் கோணலானது. சாடியை வாங்கியவர் விலையை முழுசாகக் கொடுத்துவிட்டாரா? பாக்கி வைத்திருந்தால், ரோமே போன பிறகு அதை யாரிடம் கொடுப்பது?

சிரிக்க வேண்டாம், இதே கேள்வி டெல்லிக்கும் வந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தபோது, நாம் அதற்குச் சுமார் 1,000 கோடி ரூபிள் பாக்கி. பெரும்பகுதி ராணுவத் தளவாடங்களுக்கானது. டாலர் கைமாறாத வியாபாரம். ரூபாயில் கணக்கெழுதி தேயிலை, தோல், மருந்து, புகையிலை என்று சரக்காகக் கழித்துவந்தோம்.

1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லிக்கு வந்தார். சந்தையில் அன்று ஒரு ரூபிள் பத்துப் பைசாகூடப் பெறாது. பழைய ஒப்பந்தக் கணக்கிலோ அது 31 ரூபாய்க்கும் மேல். பேசிப் பேசி 1990 ஜனவரி மதிப்பான சுமார் 20 ரூபாயில் முடித்தார்கள். 63 சதவீதத்தை 12 ஆண்டுகளில் அடைப்பது, மீதியை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளில். அந்தப் பணத்தில் ரஷ்யா இந்தியச் சரக்குதான் வாங்கலாம்.

ரூபிளில் கணக்கு வைத்தவர்களே ரூபிளின் சரிவையும் சுமக்கட்டும் என்று வாதிட இடமுண்டு. கணக்கில் அது சரிதான். ஆனால் நம் கையில் இருந்தது ரூபிள் இல்லை, டாங்கி. ஆவடியில் உருவான டி-72 ரூபிளோடு சேர்ந்து கரைந்துவிடவில்லையே. "மாட்டை வாங்கி உழுதாச்சு. வித்தவன் வீடு நொடிச்சுப்போச்சுன்னா பாக்கி இல்லைன்னு ஆயிடுமா?" என்று ஊரில் கேட்பார்கள். அந்த வகையில் கொடுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது யாரிடம் கொடுத்தோம் என்பது. சோவியத் விமானம் என்று நாம் வாங்கிய ஆன்டனோவ்-32 கீவில் கட்டப்பட்டது. இல்யூஷின்-76 தாஷ்கண்டில். சோவியத்தின் கடன்களை நான் ஏற்கிறேன், வரவேண்டியதும் எனக்கே என்றது ரஷ்யா. மற்றக் குடியரசுகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டன. உக்ரைனின் நாடாளுமன்றமோ கடைசிவரை அங்கீகரிக்கவில்லை.

இதன் விளைவை உணர்ந்தவர்கள் வியாபாரிகள். புது நாடுகளில் சந்தை பிடிக்கப் போன ஏற்றுமதியாளருக்கு மாஸ்கோவில் ரூபாய் காத்திருந்தது. கீவிலும் தாஷ்கண்டிலும் டாலர் கேட்க வேண்டும், அங்கே டாலருக்குப் பஞ்சம். விமானத்தை இழைத்த ஊர், நம் தேயிலைக்குக் காசில்லாமல் நின்றது.

கடன் கொடுத்தவர் செத்தால் மூத்த மகனிடம் கொடுப்பது வழக்கம்தான். அவன் தம்பிகளுக்குப் பிரித்தானா என்று கேட்பது நம் வேலையா? கேட்டிருந்தாலும் மாஸ்கோ இது எங்கள் வீட்டு விஷயம் என்றிருக்கும். ஆனால் அந்தத் தம்பிகள் வீட்டு விமானத்தில்தான் நம் சிப்பாய்கள் பல வருஷம் பறந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.