கையில் தொழில், செவியில் கல்வி



நம் அம்பர்நாத்திலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் மூன்று மணி நேரம் வண்டியிற் கழிக்கின்றனர். இக்காலத்தில் அவர்களுட் பலர் கைப்பேசியில் 'பாட்காஸ்ட்' என்னும் ஒலியுரைகளைக் கேட்டவாறே செல்கின்றனர். வீட்டில் மாவு பிசையும் தாய்மாரும் அவ்வாறே கேட்கின்றனர். "ஐயா, வேலைக்கிடையே கேட்பது கல்வியாகுமா? செய்யும் செயலில் மனத்தை நிறுத்துக என்றல்லவோ பகவன் போதித்தார்?" என்று அவர்கள் நம்மை வினவுகின்றனர். விடை கூறுதல் நம் கடமை.

செவிவழிக் கல்வி இழிந்ததன்று. பகவன் புத்தர் தாமே எந்நூலும் எழுதினாரல்லர். ராஜகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் ஆனந்த தேரர் தாம் கேட்டவற்றையே ஓதினார். பல நூற்றாண்டுகள் தம்மம் வாயினின்று செவிக்கும், செவியினின்று வாய்க்குமே வந்தது. இலங்கையில் வட்டகாமணி அரசன் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில் அது ஏட்டில் ஏறிற்று. கற்றவனைக் குறிக்கும் 'பஹுஸ்ஸுத' என்னும் பாலிச் சொல்லுக்கு 'மிகுதியாகக் கேட்டவன்' என்பதே பொருள்.

ஆனால் எல்லார் செவியும் திறந்திருக்க விடப்பட்டதா? கௌதம தர்மசூத்திரம் என்னும் வைதிக நூல், வேதம் கேட்ட சூத்திரனது செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி வார்க்குமாறு விதித்தது. (அந்நூலுக்குரிய கௌதமர் வேறு, நம் பகவன் வேறு.) அத்தகைய விதி எழுதப்பட்ட நாட்டில், பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1954 அக்டோபர் 3ஆம் நாள் அகில இந்திய வானொலியில் தமது வாழ்க்கைத் தத்துவத்தை எடுத்துரைத்தார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியினின்று பெறவில்லை, தம் ஆசான் புத்தரிடமே பெற்றதாகத் தெரிவித்தார். ஈயம் வார்க்கச் சொன்ன செவிகளுக்கு அச்செய்தி காற்றில் வந்தது! இவ்வளவு அரிதாய்க் கிடைத்த செவியை வீண்கதைக்கும் வெற்றுக் கூச்சலுக்கும் கொடுக்கலாமா?

உழைப்பாளர் கேட்டுக் கற்பதும் புதிதன்று. 1865இல் கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில், சுருட்டுச் சுற்றுவோருக்கு ஒருவர் உரக்க வாசிக்கும் வழக்கம் தொடங்கிற்று. வாசிப்பவருக்குத் தொழிலாளரே ஊதியம் அளித்தனர். கேரளத்தின் கண்ணூர்ப் பீடித் தொழிலாளரும், தம்முள் ஒருவர் செய்தித்தாள் படிக்கக் கேட்டுக்கொண்டே பீடி சுற்றினர். படித்தவரது பங்கை மற்றவர் சுற்றிக் கொடுத்தனர். நாம் நின்ற தறிக்கூடத்தில் அதற்கு வழியில்லை. தறிகளின் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் கூவினும் கேளாது. கைச்சாடையே எமக்குப் பேச்சு.

ஆகவே, கை பழகிச் செய்யும் வேலையின்போது செவிக்குக் கல்வி கொடுத்தல் நன்று. ஆனால் பகவன் கூறிய விழிப்பு குன்றலாகாது. இயந்திரத்தின் முன்னும், தண்டவாளத்தின் அருகிலும் காதை அடைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். குழந்தை பேச வரும்போதும் கருவியை நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று. ஞானம் மூவகை என்று தம்மம் கூறும்: கேட்டு வருவது, சிந்தித்து வருவது, பாவனையால் வருவது. நாள் முழுதும் கேட்டுக்கொண்டே இருப்பவன் சிந்திப்பது எப்போது? அவன் முதற்படியிலேயே நின்றுவிடுகிறான். கேசபுத்தத்துக் காலாமர்களுக்குப் பகவன் போதித்ததையும் நினையுங்கள். பலர் சொல்லக் கேட்டோம் என்பதற்காகவோ, சொல்பவர் நம் ஆசிரியர் என்பதற்காகவோ ஒன்றை ஏற்கலாகாது. அது நன்மை பயப்பதா, தீமை பயப்பதா என்று தாமே ஆராய்ந்தறிதல் வேண்டும். கைப்பேசியிற் பேசுவோருக்கும் இவ்வளவுகோலே உரியது. இங்கு உரைக்கும் எமக்கும் அதுவே.

எனவே ஓர் ஒழுங்கு கூறுகிறோம். வேலைக்குப் போகும்போது கேளுங்கள். திரும்பும்போது கருவியை அணைத்து, கேட்டதை ஆராயுங்கள். ஏற்கத் தக்கது ஒன்றேனும் இருப்பின் அன்றிரவே இல்லத்தில் செய்து பாருங்கள். ஞாயிறன்று விஹாரத்திற்கு வந்து, படிக்க வாய்ப்பற்ற முதியோருக்கு அதனை எடுத்துச் சொல்லுங்கள். அவர்தம் செவிக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

எல்லா உயிர்களும் நலமுறுக!

ஜெய் பீம்!