ஆபத்தர்மத்தின் எல்லை

சாதாரண காலத்தில் விலக்கப்பட்ட ஒரு காரியத்தை உயிர் போகும் ஆபத்தில் செய்யலாம் என்பதை நம் முன்னோர் மறுத்தவர்கள் அல்லர்; கொடிய பஞ்சத்தில் விசுவாமித்திரர் நாய் மாமிசத்தையும் உண்ணத் துணிந்த கதையை மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஆபத்தர்மத்தை விளக்கும் பகுதியிலேயே வைத்திருக்கிறது. இந்தச் சலுகையை ஒரு ராஜாங்கம் தனக்கும் கோரலாமா, கோரினால் அதன் எல்லை எது என்பதே தற்காலத்துக் கலக யுத்தங்கள் நம் முன் நிறுத்தும் தர்மசங்கடம். அந்த யுத்தத்தில் பகைவன் சீருடை அணிவதில்லை. ஜனங்களுக்குள்ளே வாழ்ந்து, அவர்களோடு உண்டு, அவர்களுடைய மௌனத்தையே அரணாகக் கொள்கிறான். ஆகவே பீரங்கியைவிடத் தகவலே அங்கே பெரிய ஆயுதம். அந்தத் தகவலோ பிடிபட்டவன் வாயில் இருக்கிறது.

இந்தச் சங்கடம் தன் முழு உருவத்தையும் காட்டிய இடம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகரமாகிய அல்ஜியர்ஸ். 1956 செப்டம்பர் 30ஆம் தேதி, பிரெஞ்சுக் குடும்பங்கள் கூடியிருந்த மில்க் பார் என்ற சிற்றுண்டிச்சாலை முதலிய இடங்களில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய தேசிய விடுதலை முன்னணியினர் வைத்த குண்டுகள் வெடித்து, யுத்தத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களைக் கொன்றும் அங்கஹீனப்படுத்தியும் விட்டன. அச்செயல்களும் அதர்மமே, அடிமைப்பட்ட ஒரு ஜாதியின் நியாயமான கோபம் அவற்றைப் புண்ணியமாக்கிவிடாது. 1957 ஜனவரியில் அல்ஜீரியாவுக்குப் பொறுப்பான பிரெஞ்சு அமைச்சர் லகோஸ்த் நகரத்தின் காவல் அதிகாரத்தைப் பாராசூட் படையின் சேனாதிபதி மஸ்ஸூவிடம் ஒப்படைத்தார். பழைய நகரப்பகுதியான கஸ்பாவின் சந்துகள் அடைக்கப்பட்டன. வீடுகளுக்கு எண்கள் இடப்பட்டன. நடுநிசியில் கதவைத் தட்டி ஆட்களைக் கொண்டுபோயினர். போர்க்களத்துத் தொலைபேசிக் கருவிக்காகக் கையால் சுழற்றும் சிறிய டைனமோ ஒன்று உண்டு. அதன் இரு கம்பிகளும் கைதியின் உடம்பில் பொருத்தப்பட்டன.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்திற்குள் நகரில் இயங்கிய முன்னணித் தலைவர்கள் பிடிபட்டோ மடிந்தோ போயினர். நகரில் குண்டுகளும் ஓய்ந்தன. இதை நாம் மறைக்கலாகாது. சித்திரவதை ஒருபோதும் பலிக்காது என்று சொல்லி அதைக் கண்டிப்பவர்கள், அது பலித்தது என்று ஒருவன் நிரூபித்துவிட்டால் என்ன சொல்வார்கள்? லாபநஷ்டக் கணக்கின் மேல் நிற்கும் தர்மம் கணக்கு மாறும்போது தானும் மாறிவிடும்.

பால் தெய்த்ஜென் வேறொரு நிலத்தில் நின்றார். அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தின் செயலாளராக இருந்த அவர், ஜெர்மானிய ரகசியப் போலீசிடம் தாமே சித்திரவதைப்பட்டு, டாக்கவ் முகாமிலிருந்து மீண்டவர். தெய்வ நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர். 1956 நவம்பரில் இவெத்தோன் என்ற தொழிலாளி எரிவாயு ஆலையில் குண்டோடு பிடிபட்டபோது, இரண்டாவது குண்டு ஒன்று எங்கோ இருக்கிறது என்ற அச்சம் எழுந்தது. அவனை ஹிம்சித்து உண்மையைக் கறக்க அதிகாரிகள் அனுமதி கேட்டனர். தெய்த்ஜென் மறுத்தார், அன்று பிற்பகல் முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்தார். அவர் தடுத்தும் காவலர் கையில் இவெத்தோன் துன்புற்றது வேறு விஷயம். இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை; எனினும் அவருடைய முடிவின் மகத்துவம் குண்டு வெடிக்காமற் போனதில் இல்லை, வெடிக்கலாம் என்று அறிந்தே மறுத்ததில் இருக்கிறது. 1957 மார்ச்சில், தம் உடம்பில் பட்ட அதே வடுக்களைக் கைதிகளின் உடம்பில் கண்டதாக எழுதி ராஜினாமாவை நீட்டினார். செப்டம்பரில் பதவியை விட்டு விலகினார். காவலில் எடுக்கப்பட்டவர்களில் 3,024 பேர் திரும்பவில்லை என்பது அவர் வைத்திருந்த கணக்கு.

சேனாதிபதி பொலார்தியேரும் அவ்வாறே தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டு, தம் கருத்தை வெளியிட்டதற்காக அறுபது நாள் கோட்டைக் காவலை ஏற்றார். அல்ஜியர்ஸ் பேராயர் துய்வால் சித்திரவதையை 1955இலேயே கண்டித்து, சொந்த மதத்தாரின் ஏளனத்துக்கு ஆளானார். மஸ்ஸூவோ அந்த மின்சாரத்தைத் தம் உடம்பிலேயே பாய்ச்சிப் பார்த்து, தாங்கக்கூடியதே என்று தீர்ப்பளித்தார். போதும் என்று தாம் சொன்ன மாத்திரத்தில் அது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். கட்டிப்போடப்பட்டவனுக்கு அது தெரியாது. ஹிம்சையின் சாரமே அந்த நிராதரவில் இருக்கிறது. அதே மஸ்ஸூ 2000ஆம் ஆண்டில், தம் முதுமையில், சித்திரவதை இன்றியமையாததாக இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நகரத்தை வென்ற பிரான்ஸ் அதற்குள் 1962இல் நாட்டையே இழந்திருந்தது.

இப்போது ஆபத்தர்மத்திற்கு வருவோம். சாந்தி பர்வத்தின் அப்பகுதியில் அரசனுக்கு மிகக் கடுமையான உபதேசங்களும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் விசுவாமித்திரர் பணயம் வைத்தது தம்முடைய ஆசாரத்தை, தம்முடைய புகழை, தம்முடைய மறுமையை. பிறனொருவனுடைய உடம்பை அல்ல. விதிவிலக்கின் இயற்கையான எல்லை இதுவென்று நான் கருதுகிறேன்: ஆபத்திலே நம்முடைய விரதத்தைத் தளர்த்தலாம், நம்முடைய உயிரையும் உடைமையையும் பணயமாக்கலாம்; ஆனால் கையும் காலும் கட்டப்பட்டு, எதிர்க்கும் சக்தியற்று நம் வசத்தில் கிடக்கும் ஒருவனை நம் அச்சத்திற்கு மருந்தாக்கிக்கொள்ள எந்த ஆபத்தும் அதிகாரம் தராது. ஆயுதம் ஏந்தி வருபவனைக் கொல்வது யுத்தம். அகப்பட்டவனை வதைப்பது அந்த யுத்தம் எதன் பெயரால் நடக்கிறதோ அதையே வதைப்பதாகும்.

குண்டு வெடித்த அன்று மாலையில் இதை யோசித்து முடிவு செய்ய எவராலும் இயலாது. அமைதிக் காலத்திலேயே சட்டமாக்கி, சிப்பாய்க்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்பிக்கும்போதே இதையும் கற்பிக்க வேண்டும். பிரஜைகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. எப்படியாவது காப்பாற்றுங்கள், வழியைக் கேட்கமாட்டோம் என்று ராஜாங்கத்திடம் சொல்லும் ஜனங்களே லகோஸ்த்களையும் மஸ்ஸூக்களையும் உண்டாக்குகிறார்கள். தர்மத்துக்காகச் சிறிது அபாயத்தைத் தாங்கச் சம்மதிப்பதும், எல்லையில் நிற்கும் வீரனுடைய பணிக்குக் குறையாத தேசப்பணியே.