மழுங்கிய கத்தியும் மாசற்ற எண்ணமும்



பிறனுக்கு நோவு செய்ய வேண்டுமென்ற எண்ணம் எள்ளளவும் இன்றி, நம் கையால் அவனுக்கு நோவு விளைந்துவிடின், அதில் நமக்குக் குற்றம் உண்டா, இல்லையா? இவ்வினாவை எத்தனையோ கூட்டங்களில் எம்மிடம் கேட்டிருக்கின்றனர். யாமும், செயலின் வேர் எண்ணமே என்னும் பகவானுடைய போதனையை எடுத்துக் காட்டி, எண்ணமில்லாவிடத்துக் குற்றமில்லை என்று தயக்கமின்றி விடையிறுத்து வந்தோம். இரண்டு ஆண்டுகட்கு முன் வைசாகப் பௌர்ணமியன்று ஒரு சவரக்கத்தி எம் வாயை அடைத்தது. அதனை மறைக்காமல் ஈண்டு எழுதுகின்றோம்.

எமது சங்கத்தின் மரப்பெட்டியில் பழைய மடக்குக் கத்தி ஒன்று இருக்கின்றது. ஜெர்மனி நாட்டுச் சோலிங்கன் நகரின் பெயர் அதன் அலகில் பொறிக்கப்பட்டுள்ளது. அது பெங்களூரில் எங்கள் ஆலைக்கு அருகே முடிதிருத்தும் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவருடையது. அக்கத்தியின் அருமையை அறிய வேண்டுமாயின் எம் இளமையை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாம் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினெட்டு வயதில் ஆலைக்கு வந்தவர். எங்கள் ஊரில் நாவிதர் கத்தி எம் தெருவுக்குள் நுழையாது. எம் தந்தையாரும் அண்டை வீட்டாரும் துருவேறிய ஓர் அலகைக் கொண்டு ஒருவர்க்கொருவர் மழித்துக்கொள்வர். சவரம் என்றாலே கன்னத்தில் இரத்தம் என்று எண்ணி வளர்ந்தோம். பெங்களூருக்கு வந்த முதல் மாதத்தில் அப்பெரியவர் எம்மை நாற்காலியில் அமர்த்தி, ஊரும் குலமும் கேளாமல், வெந்நீர்த் துணியை எம் முகத்தில் இட்டார். தொழில் கற்றவர் ஒருவர் கை எம் முகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. கத்தி போனதே தெரியவில்லை.

பின்னர் அவரும் யாமும் ஒரே மேடையில் பஞ்சசீலம் ஏற்றோம். குலப்பெயரை விட்ட அவர் தொழிலை விடவில்லை. விட வேண்டுமோ என்று ஒரு பிக்குவைக் கேட்டாராம். படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபமே உபாசகனுக்கு விலக்கு; மழிக்கும் தொழில் அவற்றில் இல்லை என்றார் பிக்கு. சாக்கியர்க்கு நாவிதராயிருந்த உபாலியை, தங்கள் செருக்கு அடங்க வேண்டி, சாக்கிய இளவரசர் தமக்கு முன்னரே துறவு பெறச் செய்ததும், இராசகிருகத்து முதற் சங்கத்தில் வினயம் முழுவதையும் அவ்வுபாலியே ஓதியதும் அன்பர்கள் அறிந்தனவே. பெரியவர் மறையும் முன் தம் கத்தியைச் சங்கத்துக்கு அளித்தார். யாம் அதைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். வைத்ததோடு சரி.

நிற்க. அவ்வாண்டு வைசாகத்தில் எட்டுச் சிறுவர் பத்து நாள் சாமணேர தீட்சை பெற வந்திருந்தனர். ஏழுவர்க்குப் புதிய அலகுகளைக் கொண்டு தலை மழிக்கப்பட்டது. ஒரு தலைக்கு ஓர் அலகு என்பதே இன்றைய கடைகளின் வழக்கம். இரத்தத்தின் வழியே நோய் பரவாமைக்கு அது மிகவும் நன்று. எட்டாவது சிறுவன் மறைந்த பெரியவரின் பேரன், வயது பதினொன்று. அவனுக்கு மட்டும் பாட்டனாரின் கத்தியையே எடுப்போம், அதையும் யாமே எடுப்போம் என்று யாம் அறிவித்தோம். கூடியிருந்தோர் மகிழ்ந்தனர். எமக்கும் அதில் ஒரு பெருமை. கத்தியை வெந்நீரில் கழுவி, மருந்து நீரில் தோய்த்து, இடுப்புத் தோற்பட்டையில் நாலு முறை படபடவென்று தேய்த்தோம், திரைப்படங்களில் காண்பதுபோல.

முதல் இழுப்பிலேயே கத்தி மயிரை அறுக்கவில்லை; பற்றி இழுத்தது. யாம் சற்று அழுத்தினோம். உச்சிச் சுழியருகே மயிரின் போக்கு மாறுமிடத்தில் ஒன்றும், இடக்காதின் பின்புறம் ஒன்றுமாக இரண்டு வெட்டு விழுந்தன. பையன் அழவில்லை. கைகளைக் கூப்பியவாறே இருந்தான். விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. அவன் தாயார் தம் முந்தானையால் இரத்தத்தைத் துடைத்தார். படிகாரம் தேய்த்தோம். எரிந்திருக்கும். அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை உபதேசத்தில் யாம் சக்குபாலத் தேரரின் கதையைச் சொன்னோம். கண்ணிழந்த அத்தேரர் மழை ஓய்ந்த வேளையில் நடைபயின்றபோது பூச்சிகள் பல அவர் காலடியில் மாண்டன. பிற பிக்குகள் குறை கூறினர். அவர் அவற்றைக் கண்டிலர், கொல்லும் எண்ணமும் இல்லை, ஆதலின் குற்றமில்லை என்றார் பகவான். இதைச் சொல்லிவிட்டுக் காலையில் நடந்ததும் அத்தகையதே என்று பையனின் தாயாரை நோக்கி முறுவலித்தோம். அவ்வம்மையார் எழுந்து, பணிவாகவே, “வேண்டுமென்று செய்யவில்லை, ஐயா, அது எனக்குத் தெரியும். ஆனால் நோகக்கூடாது என்றும் ஒன்றும் செய்யவில்லையே” என்று கூறி அமர்ந்தார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் இல்லை. தேரர் கண்ணிழந்தவர், எமக்கோ இரு கண்களும் உண்டு. பூச்சிகளைப் பார்க்க அவரால் இயலாது. கத்தியின் வாயைப் பார்க்க எம்மால் இயலும். இயலாதவர்க்குக் கிடைத்த விடுதலையை இயன்றும் செய்யாத யாம் இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டோம். இது கள்ளத்தனம் அன்றோ?

வினயத்தைத் திறந்தோம். பிக்கு ஒருவர் பிட்சைக்குச் சென்ற வீட்டில், கந்தலால் மூடப்பட்டுக் குழந்தை ஒன்று படுத்திருந்த இருக்கையில், அதை அறியாமல் அமர்ந்துவிட்டார், குழந்தை இறந்தது. கொல்லும் எண்ணம் இல்லை; ஆதலின் சங்கத்தினின்று நீக்கப்படும் பெருங்குற்றம் அவர்க்கு இல்லை என்றே பகவான் தீர்த்தார். ஆனால் அத்தோடு நிறுத்தினாரில்லை. இனி எவரும் இருக்கையைச் சோதியாமல் அமரலாகாது, அமரின் குற்றம் என்று விதித்தார். இதனை யாம் முன்னரும் பலமுறை படித்ததுண்டு. முற்பாதியை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தோம். அது எமக்கு உதவுவதாயிருந்தது. எண்ணம் குற்றத்தின் அளவை முடிவு செய்கின்றது. சோதிக்கும் கடமையை அது நீக்குவதில்லை. வேந்தன் மிலிந்தனுக்கு நாகசேனர் கூறிய உவமையும் அப்போது நினைவுக்கு வந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பை அறிந்து தொடுவோனைவிட அறியாமல் பற்றுவோனுக்கே சூடு மிகுதியாம். அறிந்தவன் எச்சரிக்கையாய் இருப்பான் அல்லவா?

மற்றொன்றும் கண்டோம். சங்கத்தார்க்குச் சவரக்கத்தியை அனுமதித்த இடத்திலேயே, கத்தி தீட்டும் கல்லையும், கத்தியுறையையும் சேர்த்து அனுமதிக்கின்றது வினயம். கத்தி வேறு, கல் வேறு என்று பகவான் பிரிக்கவில்லை. நம் சங்கத்துப் பெட்டியில் கத்தி இருந்தது, கல் இல்லை.

மறுநாள் பையனின் தந்தையாரிடம் சென்று கத்தியை நீட்டினோம். அவரும் கடை வைத்திருப்பவரே. அலகை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, “வாய் போயிருக்கிறது, ஐயா. அப்பா காலத்துக்குப் பிறகு கல்லே காணவில்லை” என்றார். ஞாயிறுதோறும் வருமாறு பணித்தார். எம்மினும் இளையவராகிய அவரிடம் ஐந்து ஞாயிறு மாணாக்கராய் இருந்தோம்.

அவர் கற்பித்ததைக் கூறுவோம். கல் முதலில் மட்டமாயிருத்தல் வேண்டும்; நடுவில் குழிந்த கல் வாயைக் கோணலாக்கும். நீர் தெளித்து, அலகைக் கல்லின்மேல் படுக்க வைக்க வேண்டும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். முதுகை உயர்த்தினால் கோணம் கெடும். முதுகின் கனத்திலேயே செய்தவன் கோணத்தை அமைத்து வைத்திருக்கின்றான். வாய் முன்னே செல்லத் தள்ளி, கோடியில் முதுகின்மேல் புரட்டி, மறுபுறம் திருப்பி மீட்க வேண்டும். கத்தியின் எடையே போதும், கை அழுத்தலாகாது. முதல் ஞாயிறு முழுவதும் யாம் அழுத்திக்கொண்டேயிருந்தோம். “அவசரத்தை விட்டால் அழுத்தம் தானே விடும்” என்றார். முரட்டுக் கல்லில் பல் போனதைச் சரிசெய்து, வழுவழுப்பான கல்லில் முடிக்க வேண்டும். மிகைபடத் தீட்டினாலும் தீங்கே. வாயில் மெல்லிய பிசிறு எழுந்து, முகத்தில் பட்டதும் உடையும். கூர்மையின் மேலேயே மோகம் கொண்டு நாள்தோறும் கல்லில் தேய்ப்போரும் உண்டாம். கத்திதான் தேயும் என்று நகைத்தார்.

கல்லுக்குப் பின் தோல்வார். இங்கே முறை தலைகீழ்: முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே இழுபட வேண்டும். வாய் முன்னே சென்றால் வார் அறுபடும். வாரை விறைப்பாய் இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்த வாரில் தேய்த்தால் வாய் உருண்டுபோகும். யாம் இடுப்புப் பட்டையில் செய்தது அதுவே. முதலில் துணிப்புறத்தில் இருபது முறை, பிறகு தோற்புறத்தில் ஐம்பது முறை. கல் சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன் வேண்டும். முடிவில் ஒரு மயிரிழையைத் தொங்கவிட்டு வாயில் தொட்டால், தொட்ட மாத்திரத்தில் துண்டாக வேண்டும்.

எஃகு மயிரால் மழுங்குமோ என்று வினவினோம். மழுங்கவே செய்கின்றது. மயிர் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. ஆயினும் அது வளைந்து நிற்குமிடத்தில், எஃகின் அமைப்பு ஒரு சீராயில்லாத புள்ளியில், வாயின் நுண்துகள் பெயர்ந்துவிடுகின்றது என 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நுண்ணோக்கியில் கண்டு வெளியிட்டனர். சும்மா வைத்த கத்தியோ ஈரத்தால் கெடுகின்றது. பட்டுத் துணி ஈரத்தைப் பிடித்து வைக்குமே யன்றிக் காக்காது. துடைத்து உலர்த்தி ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் தடவுவதே காப்பு.

இவையெல்லாம் எமக்குப் புதியன என்று சொல்லின் பொய்யாகும். ஆலையில் யாம் கார்டிங் பிரிவில் கம்பி தீட்டும் வேலையில் இருந்தவரே. பஞ்சைச் சிக்கெடுக்கும் கம்பிப் பற்கள் மழுங்கினால், இழைகள் பிரியாமல் சுருண்டு நெப்பு விழும். நூலில் முடிச்சாய், சாயமிட்ட துணியில் வெளிறிய புள்ளியாய் அது தெரியும். எமரி உருளையால் பற்களைத் தீட்டுவது எம் கடமை. துணியைக் கெடுக்க வேண்டுமென்று எந்தத் தொழிலாளி எண்ணினான்? எனினும் மேஸ்திரி ஒருநாளும் எம் எண்ணத்தைக் கேட்டாரில்லை. கடைசியாகத் தீட்டிய தேதி யாது என்று குறிப்பேட்டைப் பார்ப்பார். பஞ்சுக்குச் செய்த அம்மரியாதையை ஒரு பாலகன் தலைக்கு யாம் செய்யவில்லை.

இதனினும் எம்மை வருத்துவது ஒன்றுண்டு. தீட்சையின்போது தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்னும் ஐந்தையும் சிறுவனுக்கு ஓதுவித்து, விழும் மயிரைக் கண்டே தியானிக்கச் செய்வது மரபு. அழகென்று போற்றியது மடியில் விழுந்து குப்பையாவதைக் காணும் அச்சிறுபொழுது வாழ்நாளில் பெரும்பாலோர்க்கு ஒருமுறையே வாய்ப்பது. அவன் மனம் அப்போது மயிரில் இல்லை. எம் கையில் இருந்தது, அடுத்த வெட்டு எங்கே விழுமோ என்று. காதின் பின்புறத்துப் புண் ஐந்து நாளில் ஆறிற்று. அப்பொழுதை யாம் எங்ஙனம் திருப்பிக் கொடுப்போம்?

சென்ற வைசாகத்தில் அவன் மறுபடியும் தீட்சைக்கு வந்தான். கத்தியைக் காட்டினோம். தன் தலையிலிருந்து ஓரிழையைப் பிடுங்கி வாயில் தொட்டான்; அறுந்தது. மீண்டும் ஒன்று பிடுங்கித் தொட்டான், அதுவும் அறுந்தது. பிறகு கத்தியைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான், “அப்பா வரட்டும், ஐயா” என்றான். தந்தையார் கைகழுவி வந்தார். தோல்வாரின் ஒரு முனை சன்னற்கம்பியில் கட்டியிருந்தது. மறுமுனையை விறைப்பாய் இழுத்துப் பிடித்துக்கொண்டு யாம் அருகே நின்றோம்.